பழைய லேப்டாப்பில் காணாமல் போன வைஃபையும் காற்றின் ஜாகீரும்

மரவள்ளி பிடுங்கி கடைசி லோடு மில்லுக்குப் போன மறுநாள் சாயந்திரம். வருஷா வருஷம் கிழங்கு பிடுங்க மலையிலிருந்து இறங்கி வரும் ஒருத்தர், கூலிக் கணக்கு முடிந்த பிறகும் கிளம்பாமல் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். மலை என்றால் கல்வராயன் மலை. கச்சிராயபாளையத்தில் நின்று மேற்கே பார்த்தால் சுவர் மாதிரி நிற்குமே, அது. கூடவே அவர் மகள். கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். மடியில் ஒரு உரச்சாக்குப் பை. அதற்குள் ஒரு லேப்டாப்.

“அண்ணே, இதுல வைஃபை வரமாட்டேங்குதாம். கடையில காட்டினா கார்டு போச்சு, புதுசு போட ஆயிரத்து இருநூறு ஆகும்னு சொல்லிட்டாங்க. உங்க வீட்டுத் தம்பி கம்ப்யூட்டருக்குப் படிக்குதுல்ல, ஒரு கண்ணு பார்க்கச் சொல்லுங்களேன்.”

ஆயிரத்து இருநூறு என்பது அவருக்கு ரெண்டரை நாள் கூலி. உதவித்தொகை விண்ணப்பம் பொங்கல் லீவுக்குள் போட்டாகணும். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பா கூடவே வேலைக்குப் போய்விடும். காலேஜ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் வைஃபை பாஸ்வேர்டு கொடுப்பாராம். அதனால் லேப்டாப்பில் வைஃபை வந்தால் போதும், மற்றதை அவளே பார்த்துக்கொள்வாள். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

“தம்பி” என்றது என் அண்ணன் மகனை. பொங்கலுக்கு வந்திருந்தான். அவனும் அவளும் என் திண்ணையில் உட்கார்ந்து அந்த மெஷினை நோண்டியதில் நாலு நாள் போனது. நான் பக்கத்தில் குச்சி நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் படம் திரையின் ஓரத்தில் ஏன் வரவில்லை என்று கேட்கப் போய், பதில் 1933-க்கும் 1985-க்கும் போய் நின்றது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் மெஷினின் பூர்வீகம். இது அரசு லேப்டாப். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளன்று திருவள்ளூர் மாவட்டத்தில் முதல்வர் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். அதற்குப் பிறகு சில வருஷங்கள், பிளஸ் டூ பிள்ளைகள் தோளில் அந்தப் பையோடு டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேலி பேசினவர்கள் நிறைய. எங்கள் பக்கத்தில் அது பலருடைய வீட்டுக்கு வந்த முதல் கம்ப்யூட்டர். இந்தப் பெண்ணின் அண்ணன் வாங்கியது இது. அவன் இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான்.

ஆரம்பத்தில் அதில் ரெண்டு இயங்குதளம் இருந்தது. ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். சி-டாக் நிறுவனம் லினக்ஸை வைத்துச் செய்தது. அதற்கு அடித்தளம் டெபியன் என்ற, உலகம் முழுக்க ஆர்வலர்கள் சேர்ந்து நடத்தும் லினக்ஸ். பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸைத் தவிர வேறெதையும் திறந்தே பார்த்ததில்லை. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு கைகழுவியது. மெஷின் நத்தை மாதிரி ஆனதும் திருப்பூரில் கூட வேலை பார்த்த பையன் ஒருத்தன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு பென் டிரைவிலிருந்து டெபியன் 11-ஐப் போட்டுக் கொடுத்திருக்கிறான். நல்லாத்தான் ஓடியது. அண்ணன்காரன் அதில் படம் மட்டும்தான் பார்த்தான், அதனால் வைஃபை இல்லாதது ரெண்டு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை.

நம்ம ஊரில் எதற்குமே முதல் வைத்தியம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. ஆச்சு. அடுத்து விசைப்பலகையின் மேல் வரிசையில் டவர் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும், அதை எஃப்என் விசையோடு சேர்த்து அழுத்தணும். ஏதோ ஒரு நாள் கை தவறி அழுத்திவிட்டு வைஃபை செத்துவிட்டது என்று கடைக்கு ஓடியவர்கள் எத்தனையோ பேர். அதுவும் இல்லை. சில மாடல்களில் பக்கவாட்டில் ஒரு குட்டி ஸ்விட்ச் இருக்கும், இதில் அது கிடையாது. பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, திரும்ப மாட்டினான். அதுவும் பலிக்கவில்லை.

“எலி கிலி ஒயரைக் கடிச்சிருக்குமோ?” என்றேன். சும்மா கேட்கவில்லை. எங்கள் டிராக்டர் ஒயரை ரெண்டு தடவை கடித்திருக்கிறது. திருகாணி கழற்றிப் பின்மூடியைத் திறந்தான். உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன அட்டை, அதிலிருந்து கருப்பும் வெள்ளையுமாக ரெண்டு மெல்லிய ஒயர் திரைப் பக்கம் போகிறது. அதுதான் ஆன்டெனா. திரையைச் சுற்றி ஓடுகிற ஒயர்தான் இதன் கொம்பு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு எறும்புக் கூடு தவிர எல்லாம் ஒழுங்காக இருந்தது. அட்டையை எடுத்து, ரப்பரால் காலைத் துடைத்து, திரும்பச் செருகினான்.

அதன் பிறகுதான் சரியான கேள்வி கேட்கப்பட்டது. கருப்புத் திரையைத் திறந்து, உன் உடம்பில் என்னென்ன பாகம் மாட்டியிருக்கிறது என்று மெஷினிடமே கேட்கும் ஒரு கட்டளை உண்டு. கேட்டான். பட்டியலில் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று வயர்லெஸ் அட்டை பெயரோடு இருந்தது. அட்டை சாகவில்லை, மெஷினுக்கு அது தெரிகிறது. அப்புறம் இன்னொரு கட்டளை, காலையில் எழுந்தபோது என்னென்ன நடந்தது என்று மெஷின் எழுதி வைத்த நாட்குறிப்பைக் காட்டுவது. நூற்றுக்கணக்கான வரி. அதில் ஒரு வரியில் அவள் விரலை வைத்தாள். ஃபர்ம்வேர் கோப்பைத் தேடினேன், கிடைக்கவில்லை என்று அர்த்தம் வரும் ஆங்கில வரி.

“அண்ணா, இதானே?”

அதேதான். ஆயிரத்து இருநூறு ரூபாய் மிச்சம்.

ஃபர்ம்வேர் என்றால் என்ன என்று எனக்கு அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். அந்த அட்டையில் இருக்கும் சில்லு ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். எப்போது பேசணும், எவ்வளவு சத்தமாகப் பேசணும், எந்த அலைவரிசையில் பேசணும் என்பதற்கெல்லாம் அதற்கு ஒரு நிரல் வேண்டும். அந்த நிரலை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அட்டையிலேயே நினைவகம் வைக்கலாம். வைத்தால் ஒவ்வொரு அட்டைக்கும் கொஞ்சம் செலவு கூடும், பிழை இருந்தால் திருத்துவதும் சிரமம். அதனால் பல சில்லுகளில் அதை வைப்பதில்லை. ராத்திரி அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். தினம் காலையில் லேப்டாப்தான் தன் டிஸ்க்கிலிருந்து அந்த நிரலை எடுத்து அதற்கு ஊட்டணும். புதுசாக வந்த ஆளுக்கு தினம் விடிந்ததும் வரப்பு எது, வாய்க்கால் எது என்று காட்டுவது மாதிரி. காட்ட ஆள் இல்லையென்றால் அவர் களத்துமேட்டிலேயே நிற்பார். எங்கள் அட்டை ரெண்டு வருஷமாக அப்படித்தான் நின்றிருக்கிறது.

அந்தக் கோப்பு ஒரு செல்ஃபி போட்டோவை விடச் சின்னது. அப்புறம் ஏன் அதை டெபியனோடு சேர்த்தே கொடுக்கவில்லை? மறந்துவிட்டார்களா? இல்லையாம், வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். இங்கேதான் வரலாறு ஆரம்பிக்கிறது.

காற்றில் பேசுவது என்பது ரொம்ப நாளாக அரசாங்கத்தின் சொத்து. நம் நாட்டில் 1933-ல் வந்த இந்திய வயர்லெஸ் தந்திச் சட்டத்தின்படி வயர்லெஸ் கருவி ஒன்றை வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டியிருந்தது. பேச மட்டுமில்லை, கேட்கிற ரேடியோ பெட்டிக்கும். எங்கள் தாத்தா காலத்தில் ரேடியோ வைத்திருந்த வீட்டில் ஒரு சின்ன லைசென்ஸ் புத்தகம் இருக்கும். வருஷா வருஷம் போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி வில்லை ஒட்டிக்கொண்டு வரணும். 1980-களின் நடுவில்தான் அது ஒழிந்தது. நாற்பது வயதுக்குக் கீழே இருக்கும் நகரத்து நண்பர்களிடம் சொன்னால் கதை விடுவதாக நினைக்கிறார்கள்.

அதற்காக அந்த ரேடியோவைக் குறை சொல்லிவிட முடியாது. 1960-களில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் தஞ்சாவூர்ப் பக்கம் பரவியதற்குத் திருச்சி வானொலியின் விவசாய நிகழ்ச்சி ஒரு பெரிய காரணம். விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பேரே ‘ரேடியோ நெல்’. விதைக்கு ஒரு ஒலிபரப்பின் பேரை வைத்தது வேறெங்காவது நடந்திருக்குமா தெரியாது. ஆனால் அது ஒருவழிப் பாதை. அவர்கள் சொல்வார்கள், நாம் கேட்போம். திரும்பப் பேச நமக்குக் காற்று கிடையாது.

கல்வராயன் மலைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சட்டென்று புரியும். 1976 வரை அந்த மலையே ஜாகீர்தார்கள் கையில்தான் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டு கழிந்தும், தன் தாத்தன் வெட்டித் திருத்திய கொல்லைக்கு மலைக்காரர் கையில் ஒரு காகிதம் கிடையாது. காற்றுக்கும் அப்படி ஒரு ஜாகீர் இருந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

காற்றின் ஜாகீரில் முதல் வேலி அமெரிக்காவில் திறந்தது. 1985 மே மாதம், அவர்களுடைய தகவல்தொடர்பு ஆணையம் மூன்று அலைவரிசைப் பட்டைகளை யாரும் லைசென்ஸ் இல்லாமல், குறைந்த சக்தியில், சில நிபந்தனைகளோடு பயன்படுத்தலாம் என்று விட்டது. தாராள மனசு என்று நினைக்க வேண்டாம். அவை யாருக்கும் வேண்டாத பட்டைகள். அதில் ஒன்றான 2.4 கிகாஹெர்ட்ஸ், மைக்ரோவேவ் அடுப்பு சோறு சூடாக்கும் அலைவரிசை. அடுப்பு ஓடினால் இரைச்சல், அதில் யார் பேசப் போகிறார்கள் என்று ஒதுக்கி வைத்திருந்த நிலம். புறம்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புறம்போக்கில் முதலில் குடிசை போட்டவர்களில் ஒன்று, கடைகளுக்குக் கல்லாப்பெட்டி செய்து விற்ற என்சிஆர் கம்பெனி. கடையின் அமைப்பை மாற்றும்போதெல்லாம் கல்லாவுக்கு ஒயர் இழுப்பது தொல்லை, ஒயரே இல்லாமல் பண்ணினால் என்ன என்ற யோசனை. நெதர்லாந்தில் இருந்த அவர்களுடைய பொறியாளர்கள்தான் அதைச் செய்தார்கள். விக் ஹேய்ஸ் என்பவர் தலைமையில் ஒரு குழு வருஷக்கணக்கில் கூடிப் பேசி, 1997-ல் 802.11 என்ற பொது விதியை வெளியிட்டது. நொடிக்கு 2 மெகாபிட். 1999-ல் 11 மெகாபிட் ஆனது. வைஃபை என்ற பேரும் அந்த வருஷம்தான் வந்தது. ஒரு விளம்பர நிறுவனத்திடம் காசு கொடுத்து வாங்கிய பேர், அதற்கு விரிவாக்கம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் வயர்லெஸ் ஃபிடிலிட்டி என்று மனப்பாடம் செய்திருந்தால் மறந்துவிடலாம்.

இந்தியாவில் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை முழுசாக லைசென்ஸ் இல்லாமல் திறக்க 2005 ஜனவரி ஆனது. அமெரிக்காவுக்கு இருபது வருஷம் பின்னால். அதற்கு முன்னால் கிராமத்துக்கு வயர்லெஸ் கொண்டுவர ஆசைப்பட்டவர்கள் எவ்வளவு சுற்றுவழி போனார்கள் என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி வட்டாரத்தில் தகவல் கிராமத் திட்டம் தொடங்கியது. வில்லியனூரில் ஒரு மையம். அங்கிருந்து கிராமங்களுக்குத் தகவல் அனுப்ப, போலீஸ் வாக்கிடாக்கி வகையைச் சேர்ந்த விஎச்எஃப் ரேடியோ, அதற்கு மின்சாரம் தர சூரியத் தகடு. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எங்கோ ஒரு சண்டைக் கப்பலுக்கான தகவல் நம்ம கட்டுமரத்துக்கு. 2004 டிசம்பர் 26 காலையில், நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து போன் பண்ணி கடல் வருகிறது என்று சொல்ல, அந்தத் திட்டத்துக்காகக் கட்டியிருந்த ஒலிபெருக்கியில்தான் ஊருக்கு அறிவித்தார்கள். ஊர் தப்பியது.

அதே காலத்தில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழு கார்டெக்ட் என்ற வயர்லெஸ் முறையைக் கண்டுபிடித்து, மதுரை மேலூர் பக்கக் கிராமங்களில் இணைய மையங்கள் திறந்தார்கள். ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் எட்டும். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குட்மார்னிங் படம் இறங்குவதற்குள் காபி ஆறிவிடும். அன்றைக்கு அது கிராமத்துக்கு ராஜபாட்டை.

சரி, காற்றின் பூட்டு திறந்தது. ரெண்டாவது பூட்டு சில்லுக்குள்.

வைஃபை அட்டை செய்த பல கம்பெனிகள் அது எப்படி வேலை செய்கிறது என்பதை வெளியே சொல்லவே இல்லை. விண்டோஸுக்கு மட்டும் ஓட்டுநிரல் செய்து கொடுத்துவிட்டு லினக்ஸ்காரர்களை வாசலிலேயே நிறுத்தினார்கள். தொழில் ரகசியம் என்பது ஒரு காரணம். இன்னொன்று கொஞ்சம் நியாயமாகவே படும். நிரலைத் திறந்துவிட்டால் ஜனங்கள் சக்தியை ஏற்றிவிடுவார்கள், தடை செய்த அலைவரிசையில் பேசுவார்கள், அரசாங்கம் எங்களைப் பிடிக்கும் என்றார்கள். அதாவது காற்றில் லைசென்ஸ் போனாலும் அந்த லைசென்ஸின் பயம் சில்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

லினக்ஸ் ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. பிராட்காம் சில்லுகளுக்கு அவர்கள் செய்ததைக் கேட்டு நான் குச்சி நறுக்குவதையே நிறுத்திவிட்டேன். ஒரு குழு, கம்பெனியின் நிரலைப் பிரித்துப் பார்த்து, அது என்ன செய்கிறது என்று சொந்த வார்த்தையில் எழுதி வைக்கும். இன்னொரு குழு, மூலத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், அந்தக் குறிப்பை மட்டும் படித்துப் புதிதாக நிரல் எழுதும். திருட்டு என்று யாரும் வழக்குப் போட முடியாதபடி நடுவில் ஒரு சுவர். 2006-ல் அது லினக்ஸ் கருவில் சேர்ந்தது. 2010-ல் அந்தக் கம்பெனியே தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த ஓட்டுநிரலை வெளியிட்டது. அதற்கு முன்பே 2008-ல் ஏதெராஸ் கம்பெனி வழிக்கு வந்துவிட்டது. ஓட்டுநிரல் திறந்தாலும் பல சில்லுகளில் அந்தக் குட்டி ஃபர்ம்வேர் மட்டும் மூடியபடியே இருக்கிறது. எங்கள் திண்ணையில் இருந்த அட்டை இவர்களில் யார் செய்தது என்பது இங்கே தேவையில்லை. பழக்கம் எல்லோருக்கும் பொது.

டெபியன்காரர்கள் கொள்கை பிடித்தவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாத எதையும் எங்கள் வட்டில் வைக்க மாட்டோம் என்று 1997-லேயே எழுதி வைத்துக்கொண்டார்கள். 2011 பிப்ரவரியில் வெளிவந்த பதிப்பிலிருந்து மூடிய ஃபர்ம்வேர் எல்லாவற்றையும் பொறுக்கித் தனியாக வைத்துவிட்டார்கள். வேண்டுமானால் நீங்களே இறக்கிக்கொள்ளலாம். இறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும், வைஃபைக்கு அந்தக் கோப்பு வேண்டும். கிணற்றுக்குள் விழுந்த கயிற்றை எடுக்க அதே கயிறு. இதைப் பற்றி அவர்களுக்குள்ளேயே வருஷக்கணக்காகச் சண்டை. கடைசியில் 2022-ல் ஓட்டெடுப்பு வைத்து, சேர்த்தே கொடுக்கலாம் என்று முடிவு செய்தார்கள். 2023 ஜூன் 10-ல் வந்த டெபியன் 12-ல் அது உள்ளேயே இருக்கிறது. திருப்பூர்ப் பையன் கையில் இருந்தது டெபியன் 11. ஒரே ஒரு எண் வித்தியாசம்.

கொள்கைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது, சொல்லிவிடுகிறேன். கோப்பு வெறும் கொஞ்சூண்டு, ஒரு பிள்ளையின் விண்ணப்பம் அதில் தொங்குகிறது. அண்ணன் மகன்தான் தேனிக் கதையைச் சொல்லி என் வாயை அடைத்தான்.

2005 வாக்கில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுக் கிராமங்களில் சின்னக் கண் மையங்கள் திறந்தது. கிராமத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியின் கண்ணை தேனியில் இருக்கும் டாக்டர் வீடியோவில் பார்த்துப் பேசணும். அதற்கு அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகக் குழு வந்து எடுத்துக்கொண்ட கருவி சாதாரண வைஃபை அட்டை. வீட்டுக்குள் நூறடி போகும் அதே சரக்கு. திசை பார்த்துக் கட்டிய ஆன்டெனாவைக் கோபுரத்தில் வைத்தார்கள். சிக்னல் பத்து கிலோமீட்டருக்கு மேலும் போனது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. ஏனென்றால் வைஃபைக்கு ஒரு அவசர புத்தி. ஒரு துண்டுத் தகவல் அனுப்பினால், கிடைத்தது என்ற பதில் மைக்ரோ நொடிகளில் திரும்பி வரணும். வராவிட்டால் தொலைந்தது என்று நினைத்து மறுபடி அனுப்பும். ஒளி வேகத்தில் போனாலும் ஒரு கிலோமீட்டருக்கு மூணு மைக்ரோ நொடிக்கு மேல் ஆகும். இருபது கிலோமீட்டர் போய்த் திரும்புவதற்குள் இவன் பொறுமை போய்விடும்.

அவர்கள் என்ன செய்தார்கள்? பதில் கேட்கும் பழக்கத்தையே எடுத்துவிட்டு முறை வைத்தார்கள். இவ்வளவு நேரம் இந்த முனை பேசும், அடுத்து அந்த முனை பேசும். கோமுகி வாய்க்காலில் நாங்கள் முறைத் தண்ணீர் பாய்ச்சுகிற அதே கணக்கு. மடையை மாறி மாறித் திறந்தால் சண்டை இல்லை, வீணும் இல்லை. வேகம் பல மடங்கு கூடியது. ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழியாக டாக்டரிடம் கண்ணைக் காட்டினார்கள். இந்த மாற்றத்தைச் செய்ய முடிந்தது எதனால்? காற்றின் பூட்டு 2005-ல் திறந்திருந்தது, அவர்கள் எடுத்த அட்டையின் ஓட்டுநிரலுக்குள் கை வைக்கவும் முடிந்தது.

“மூடின சில்லா இருந்திருந்தா தேனியில ஒண்ணும் நடந்திருக்காது சித்தப்பா. அந்தக் கொள்கைக்காரங்க கத்தினது இதுக்குத்தான்” என்றான். பதில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

எங்கள் கயிற்றை எப்படி எடுத்தோம் என்றால், என் போனைச் சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் செருகினான். போன் அமைப்பில் யூஎஸ்பி டெதரிங் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் போனின் இணையம் ஒயர் வழியாக உள்ளே போகும். வைஃபை அட்டைக்கு அதில் வேலையே இல்லை. பிறகு, மூடிய பொருள்கள் வைத்திருக்கும் தனிக் கிடங்கின் முகவரியை டெபியனின் பட்டியலில் சேர்த்தான். அட்டைக்கு உரிய ஃபர்ம்வேர் பொட்டலத்தின் பெயர் அந்த நாட்குறிப்பு வரியிலிருந்தே தெரிந்தது. என் வீட்டு மாடியில்தான் சிக்னல் நிற்கும். அதனால் மூணு பேரும் மாடியில், காயப்போட்ட கொத்தமல்லி பக்கத்தில். இறங்கியது. அணைத்து எழுப்பினோம். திரையின் மூலையில் விசிறி மாதிரி அந்தப் படம் வந்தது. தட்டினால் பட்டியலில் பக்கத்து வீட்டுக்காரர் பேர் முதல் ஆளாக நின்றது. அவள் கைதட்டினாள். மொத்தச் செலவு பூஜ்யம்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் ரெண்டு பத்தியில் எழுதிவிட்டுப் போயிருப்பேன். மறுநாள் பொங்கல் லீவுக்கு ஹாஸ்டலைப் பூட்டிவிட்டார்கள். ஜெராக்ஸ் கடையும் லீவு. வருமானச் சான்றிதழ் வீட்டில் இருக்கிறது. அவள் லேப்டாப்போடு மலை ஏறிவிட்டாள். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போகணும் அவர்கள் ஊருக்கு. மாட்டுப் பொங்கலன்று அவளிடமிருந்து போன்.

“பெரியப்பா, அந்தப் படம் இருக்கு. தட்டினா லிஸ்ட்டு காலியா இருக்கு.”

காலியாகத்தானே இருக்கும். எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே பேர், ‘டவர்’. வைஃபையும் டவர்தான், செல்போனும் டவர்தான். அதனால் ஒன்று வந்தால் இன்னொன்றும் வந்ததாக நினைத்துவிடுகிறோம், நானும் நினைத்தேன். வைஃபை என்பது கடைசி நூறடிக்கான வாய்க்கால். அதில் தண்ணீர் ஓட, மலைக்கு ஒரு ஆறு வரணும். 1976-ல் ஜாகீர் போன பிறகு மலைக்குள் ரோடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனபோது கலெக்டர் ஆபீஸ் விழுப்புரத்திலிருந்து பக்கத்தில் வந்தது. அடுத்த வருஷம் கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது, மலைப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு என்ற வார்த்தையே கேலியாக இருந்தது. டிஷ் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள் கல்வித் தொலைக்காட்சி பார்த்தார்கள், மற்றவர்கள் ஆடு மேய்த்தார்கள். 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, நாடு முழுக்க டவர் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழைக் கம்பி இழுக்க டான்ஃபிநெட் என்று ஒரு நிறுவனமே இருக்கிறது. நகரத்துக்காரர்களுக்குக் கல்வராயன் மலை என்ற பேர் 2024 ஜூனில் கள்ளச்சாராயச் சாவு வழியாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு உயர்நீதிமன்றமே தானாக வழக்கு எடுத்து மலையில் என்ன வசதி இருக்கிறது என்று கேட்டது. இதெல்லாம் நடந்த பிறகும் அவள் ஊரில் பட்டியல் காலி.

கடல் கோளுக்கு முன்னாலேயே வீராம்பட்டினத்துக்கு ரேடியோவில் இணையம் போனது. தேனியில் சாதா வைஃபை அட்டை பத்து கிலோமீட்டர் தாண்டியது. வெள்ளிமலையிலிருந்து அவள் ஊர், காக்காய் பறக்கும் தூரத்தில், அவ்வளவுகூட இருக்காது. சட்டம் தடுக்கவில்லை, கருவியும் ஒரு மாடு விலைக்குள் வரும். நடுவில் ஒரு பாறை மேல் கொம்பு நட்டு, அதற்குப் பொறுப்பாக ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். மாடியில் நின்று மலையைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது எனக்கு எந்தப் பாறை என்றுதான் யோசனை போகிறது.

விண்ணப்பம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அவர்கள் ஊரிலிருந்து ஒன்றரை மைல் நடந்தால் ரோடு வளைவில் ஒரு புளியமரம். அதன் கீழே ஒரு இடத்தில், நகராமல் நின்றால், போனில் ரெண்டு கோடு வரும். எனக்கு அவள் போன் பண்ணியதும் அங்கிருந்துதான். அப்பா போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஹாட்ஸ்பாட் போட, அவள் உரச்சாக்கை விரித்து உட்கார்ந்து லேப்டாப்பில் அதைப் பிடித்திருக்கிறாள். சான்றிதழ் ஏறும்போது ரெண்டு தடவை அறுந்தது. மூணாவது தடவை சுற்றிக்கொண்டே இருக்கும்போது பேட்டரி போய்விட்டது.

போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமலே வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். நாலு நாள் கழித்து அவர் கரும்பு வெட்டுக்கு பஸ்ஸில் இறங்கி வரும்போது, கோமுகி அணையைத் தாண்டியதும் போன் வரிசையாகக் கத்தியிருக்கிறது. பதினோரு மெசேஜ். எதில் என்ன இருக்கிறது என்று படிக்கச் சொல்லி நேராக என்னிடம்தான் கொண்டுவந்தார். ஏழாவது மெசேஜில் விண்ணப்ப எண் இருந்தது.